துருப்பிடித்த போல்ட்டும் சின்ன மாப்பிள்ளையும்

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. ஊரே மலையைச் சுற்றிக்கொண்டிருந்த அன்று, நான் மட்டும் என் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். எதற்காகக் கிடந்தேன் என்று கேட்டால் சஸ்பென்ஷன் ரிப்பேர் என்று சொல்லலாம். உண்மையான காரணம் பொறாமை. அதை இத்தனை நாள் வெளியே சொன்னதில்லை.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். என் மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவன் நான். இளையவளைக் கட்டியவர் அடி அண்ணாமலையில் விவசாயம் பார்க்கிறார். எனக்குச் சகலை, ஆறு வயது சின்னவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் கையில் எது கிடைத்தாலும் கழற்றி மாட்டிவிடுவார். டிராக்டர், மோட்டார், மிக்ஸி, ஃபேன் எதுவானாலும் சரி.

என் கல்யாணமாகி நான்கு வருஷம் வரை மாமனார் வீட்டில் நான்தான் ஒரே மாப்பிள்ளை. படித்த மாப்பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு இவர் வந்தார். வந்த மூன்றாம் மாதமே மாமனார் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. கடைக்காரன் புதுசு வாங்கச் சொல்லிவிட்டான். இவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார், அரை மணி நேரத்தில் மோட்டார் ஓடியது. அன்றைக்கு ஆரம்பித்தது. அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அந்த மோட்டார் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க மாட்டார். பத்து வருஷமாக மாமாவுக்கு பிபி மாத்திரை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், ஒரு மாதம் தவறியதில்லை. ஆனால் பிபி மாத்திரையை வைத்து யார் கதை சொல்வார்கள்?

நான் போனால் மாமா "வாங்க" என்பார். அவர் போனால் "வாங்க, வாங்க" என்பார். இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாயா என்று கேட்காதீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கார்த்திகை தீபத்தன்று மாமனார் வீட்டு மொட்டை மாடியில் எல்லோரும் மலையைப் பார்த்து நிற்போம். மாமா மட்டும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "சின்ன மாப்ள இன்னும் வரலியே" என்பார். உச்சியில் தீபம் ஏற, எனக்கு வயிறு எரியும்.

இப்படி இருக்கும்போதுதான் மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றி, வேலூரில் ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை காலை வரச் சொன்னார்கள். நான் சொல்லாமலே மாமா, "பெரிய மாப்ள வண்டியிலயே போயிடலாம், அவரு மெதுவா ஓட்டுவாரு" என்றார். என் காதில் தேன் பாய்ந்தது. சகலையிடம் இருப்பது காய்கறி ஏற்றும் மினி வேன்தானே. இந்த ஒரு விஷயத்தில் நான்தான் ஜெயித்தேன்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்தில் ரொம்ப நாளாகக் கடகடவென்று சத்தம். அவர் குனிந்து பார்த்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"லோயர் ஆர்ம் போயிடுச்சு சார். இதோட வேலூருக்கெல்லாம் போவாதீங்க. சக்கரம் சாஞ்சுக்கும்."

லோயர் ஆர்ம் என்றால் முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புக் கை. உடனே மாற்றிக் கொடுங்கள் என்றேன். பௌர்ணமி என்பதால் அன்று மாலையிலிருந்து செங்கம் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், அவருடைய ஷெட்டும் இரண்டு நாள் மூடல். செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொன்னார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது ஆர்மை மட்டும் வாங்கிக்கொண்டு, நத்தை மாதிரி ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி யோசிக்காமல் சொன்னாள். "இதுக்கு எதுக்குங்க மெக்கானிக்கு? தங்கச்சி வீட்டுக்காரரைக் கூப்பிட்டா ஒரு மணி நேரத்துல மாட்டிட்டுப் போயிடுவாரு."

அந்த வார்த்தைதான். அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் வேலூருக்கு ஒரு வாடகைக் கார் பிடித்துவிட்டு, ரிப்பேருக்குச் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்திருப்பேன். "ஏன், எனக்குக் கை இல்லியா?" என்று கேட்டேன். அன்று ராத்திரி போனில் ஐந்து வீடியோ பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக்காரர் பேசிக்கொண்டே நான்கு போல்ட்டைக் கழற்றி, ஆர்மை உருவி எடுத்துவிட்டார். அவர் வண்டியின் போல்ட்டுகள் பளபளவென்று இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். உள்ளே பார்த்தால் போல்ட்டு எது, சட்டம் எது என்றே தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்துச் சேறும் துருவும் ஒன்றாகக் கட்டிப்போய் இருந்தது. துரு இளக்கும் ஸ்பிரேயைப் பீச்சிவிட்டு, ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். மூன்று போல்ட்டுகள் முனகிக்கொண்டே கழன்றன. சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த நான்காவது மட்டும் அசையவில்லை.

அப்போது கேட் திறக்கும் சத்தம். தலையை நீட்டிப் பார்த்தால் சகலை. பைக்கின் பின்சீட்டில் இரும்பு முட்டுகள் இரண்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். பழைய டிராக்டர் பைப்பை அறுத்து அவரே வெல்டிங் வைத்துச் செய்த முக்காலி முட்டு. வண்டியைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்துவிட்டால் அசையாது. அடி அண்ணாமலை கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பைக் விடமாட்டார்கள் என்பதால், வயல் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டே பாதி தூரம் வந்திருக்கிறார். பேன்ட் முட்டி வரைக்கும் சேறு. எல்லாம் என் மனைவி தங்கைக்குப் போன் பண்ணிய வேலை.

"அண்ணா, வெறும் ஜாக்கியில நிக்குது. இதை முட்டுக் குடுத்துக்குங்க. நான் வேணா கூட இருக்கட்டுமா?"

அந்த மனிதரின் சேற்றைப் பார்த்ததும் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். நாளைக்கு மாமா வீட்டில் மோட்டார் கதையோடு இந்தக் கார் கதையும் சேர்ந்துவிடும். வந்தவர் போனவருக்கெல்லாம் காபியோடு இதையும் கொடுப்பார்கள்.

"எங்கிட்டயே முட்டு இருக்கு சகல. நீங்க போங்க, பௌர்ணமி அன்னிக்கு எதுக்கு அலைச்சல்" என்றேன்.

பொய். என்னிடம் இருந்தது மாடி கட்டியபோது மிஞ்சிய, உள்ளே கூடாக இருக்கும் இரண்டு ஹாலோ பிளாக் சிமென்ட் கல். அதைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சட்டத்துக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் குனிந்து அந்தக் கற்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு சொன்னார்.

"ஜாஸ்தி அடிக்காதீங்கண்ணா. டீசல ஊத்தி ஊற விடுங்க. முதல்ல ஒரு நூல் டைட் பண்ணிட்டு, அப்பறம் லூஸ் பண்ணுங்க. துரு உடைஞ்சுடும்."

கழற்ற வேண்டியதைப் போய் டைட் பண்ணச் சொல்கிறாரே, பத்தாவது படித்தவர் பி.ஃபார்ம் படித்தவனுக்குப் பாடம் எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கடைப் பையனிடமிருந்து போன். பேசுகிற சாக்கில் உள்ளே போய், வேண்டுமென்றே பத்து நிமிஷம் இழுத்தேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார், முட்டுகளையும் எடுத்துக்கொண்டு. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே.

மறுபடி வண்டிக்கு அடியில் நுழையும்போது காலில் ஏதோ இடித்தது. சுவரோரம் சாய்த்து வைத்த சக்கரம், கதவுக்குக் கீழே வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தது. இதை எப்போது இங்கே போட்டோம் என்று தோன்றியது. இடைஞ்சலாக இருந்ததால் வெளியே இழுக்கப் பார்த்தேன். கனமாக இருந்தது. சரி, கிடக்கட்டும் என்று காலை ஒதுக்கிக்கொண்டு நுழைந்துவிட்டேன். என் சோம்பேறித்தனத்தை நான் முதன்முதலாகக் கும்பிட்ட நாள் அது.

டீசல் ஊற்றவில்லை. ஊறவும் விடவில்லை. அவர் சொன்னதை எப்படிக் கேட்பது? ஸ்பேனர் பிடியில் ஒரு நீளமான பைப்பைச் செருகி, இரண்டு கையாலும் தொங்கினேன். போல்ட்டின் தலைதான் மழுங்கியது. சுத்தியலை எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் மனதுக்குள் ஒரு கணக்கு. இது மோட்டாருக்கு. இது இரண்டு "வாங்க"வுக்கு. இது தீபத்தன்று படிக்கட்டைப் பார்த்ததற்கு.

ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ தெரியாது. ஜாக்கி லேசாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை, கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த நொடி வண்டி கற்கள் மேல் இறங்க, அவை பிஸ்கட் மாதிரி பொடிந்துபோயின. 'டம்' என்று ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மூக்குக்கு நேரே இரும்பு. நெஞ்சுக்கும் அதற்கும் நடுவில் நான்கு விரல் இடம். தோளை ஏதோ அழுத்திக்கொண்டிருந்தது, சட்டைக் கை எங்கேயோ சிக்கியிருந்தது. மூச்சு விட முடிந்தது, அதை மட்டும் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன். கத்தலாம் என்று தோன்றவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்து அலறினாள். அந்த அலறலில் பக்கத்து வீட்டு பாய் சுவரேறிக் குதித்து வந்தார். பஜாரில் தராசு ரிப்பேர் கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். அவர் எப்படிச் சுவர் ஏறினார் என்பது எங்கள் இருவருக்கும் இன்றுவரை புரியவில்லை.

"அசையாதீங்க சார், அசையாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் வண்டி ஜாக்கியைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்துத் தூக்கினார். மனைவி என் காலைப் பிடித்து இழுத்தாள். சட்டை கிழிந்து, தோளில் தோல் உரிந்து வெளியே வந்தேன். வேறு ஒரு காயமும் இல்லை.

அப்போதுதான் மூன்று பேரும் பார்த்தோம். வண்டியின் மொத்தப் பாரமும் அந்தச் சக்கரத்தின் மேல்தான் இறங்கியிருந்தது. கற்கள் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறத் தூள். சக்கரம் மட்டும் அங்கே இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

"நல்ல வேளை சார், உங்க சகலை வச்சாரு" என்றார் பாய்.

"இன்னா வச்சாரு?"

"இந்தச் சக்கரத்தத்தான். நான் கேட்டாண்ட நின்னுனு இருந்தேன், நீங்க உள்ள போன்ல பேசினு இருந்தீங்க. அவரு இதை உருட்டினு வந்து அடியில தள்ளினாரு. இன்னாத்துக்குப்பான்னு கேட்டேன். அண்ணன் முட்டு வேணாம்னுட்டாரு பாய், இதாவது இருக்கட்டும்னாரு."

என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டு கொண்டுவந்தாரா, நீங்கள் வேண்டாம் என்றீர்களா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மனிதர், மறுபடி அதே வயல் வழியாக, அதே சேற்றோடு வந்தார். முட்டுகளை இறக்கினார். வண்டியைத் தூக்கி உட்கார வைத்து, கையால் அசைத்துப் பார்த்தார். ஹாலோ பிளாக் தூளைத் தன் காலாலேயே ஓரமாகத் தள்ளினார். "தோள் வலிக்குதாண்ணா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கம்பி பிரஷ்ஷால் போல்ட்டைச் சுற்றித் தேய்த்தார். டீசலைத் துணியில் நனைத்துச் சுற்றிவிட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். நடுநடுவே சின்னச் சுத்தியலால் நான்கு பக்கமும் தட்டினார், கதவைத் தட்டுவது போல அவ்வளவுதான். நான் மழுக்கிய தலையில் வேறொரு ஸ்பேனரைத் தட்டிச் செருகினார். முதலில் ஒரு நூல் டைட் பண்ணினார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார். ஒன்றுமே நடக்காதது போல அது சுற்ற ஆரம்பித்தது.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. உயிரைக் காப்பாற்றியவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கிறீச் சத்தத்தைக் கேட்ட நொடியில்கூட எனக்கு வயிறு எரிந்தது. இவருக்கு மட்டும் எப்படி வருகிறது என்று.

சாயங்காலத்துக்குள் புது ஆர்மை மாட்டிவிட்டார். கடைசி போல்ட்டை முறுக்கும்போது ஸ்பேனரை என்னிடம் நீட்டி, "நீங்க முறுக்குங்கண்ணா" என்றார். முறுக்கினேன்.

மறுநாள் விடியற்காலை வேலூர் கிளம்பினோம். மாமா முன்சீட்டில், பின்னால் என் மனைவியும் சகலையும். ஊர் எல்லையில் முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினேன். சத்தமே இல்லை. மாமா என் பக்கம் திரும்பினார்.

"சின்னவரு சொன்னாரு மாப்ள. எல்லாத்தையும் நீங்களே கழட்டி மாட்டினீங்களாமே! அவரு சும்மா ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாராம். இத்தினி நாளா சொல்லவே இல்லியே நீங்க?"

கண்ணாடியில் பார்த்தேன். சகலை ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி கண்ணாடியில் என் கண்ணையே பார்த்தாள். இல்லை மாமா என்று சொல்ல மூன்று வினாடி போதும். பத்து வருஷமாக ஏங்கிய பாராட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"ஆமா மாமா" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் கட்டோடு படுத்திருந்த மாமா, சொட்டு மருந்து விட வந்த நர்ஸிடம் ஆரம்பித்தார். "என் பெரிய மாப்ள மெடிக்கல் வச்சிருக்காரு. ஆனா காரு வேலையெல்லாம் தானே பாத்துக்குவாரு..." அன்றிலிருந்து மோட்டார் கதை போய், கார் கதை வந்துவிட்டது. யார் வந்தாலும் சொல்கிறார். நான் கேட்டில் நுழைந்தால் இப்போது எனக்கும் இரண்டு "வாங்க". ஒவ்வொரு தடவையும் உரிந்த தோள் எரிகிற மாதிரி இருக்கிறது. போன தீபத்தன்று மாடியில், வந்திருந்த உறவுக்காரர்களிடம் மாமா அதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சகலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், முதல் தடவை கேட்பவர் போல.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் மனைவி என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள். "வண்டியக் கழட்டத் தெரிஞ்சவருக்கு வாயத் தொறக்கத் தெரியல."

மாமாவிடம் நேரில் சொல்ல நாலைந்து முறை போனேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். மாமா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிப்பவர். வாசகர் அனுபவப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். இப்போது பொடி எழுத்துகூட நன்றாகத் தெரிகிறது என்கிறார். யார் பெயரையும் நான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, மோட்டார் என்ற இடத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

மாமா, அந்தப் போல்ட்டைக் கழற்றியது சின்ன மாப்பிள்ளைதான். அதற்கு முன்னால், அந்தச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்து வைத்ததும் அவர்தான்.

அவர்மேல் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் அவரால் இருக்க முடிகிறதே, எனக்கு ஒரு "இல்லை மாமா" சொல்லவே எட்டு மாதம் ஆகியிருக்கிறதே என்று, இன்றைக்கும் அவரைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்கிறது.